மின்னஞ்சலில் கையொப்பமிட ஓர் இலவசச் சான்றிதழ்: திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றின் அனுபவம்

2023 அக்டோபரில் ஒரு நாள் மாலை, எங்களிடம் துணி வாங்கும் ஜெர்மனியிலுள்ள பையர் ஒருவரின் கணக்குப் பிரிவிலிருந்து, திருப்பூரில் நான் கணினிகளைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. உங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதா என்று அங்கிருந்த அம்மையார் கேட்டார். மாறவில்லை. ஆனால் மாறிவிட்டதாகச் சொல்லும் மின்னஞ்சல் அவர் முன் திறந்திருந்தது. ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (சரக்கு அனுப்பும் முன் தரும் விலைப்பட்டியல்) எண் சரி, தொகை சரி, கடிதத்தை முடிக்கும்போது முதலாளி வழக்கமாக எழுதும் வாசகமும் அப்படியே இருந்தது. கணக்கு எண் மட்டும் எங்களுடையது அல்ல. பணத்தை அனுப்பும் முன் அவர் தொலைபேசியை எடுத்ததால் ஒரு கன்டெய்னர் சரக்கின் பணம் தப்பியது.

அந்தக் கடிதத்தின் முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் டொமைன் பெயரில், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதியில், ஆங்கில 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. திரையில் சிறிய எழுத்தில் பார்த்தால் யாருக்கும் வேறுபாடு தெரியாது. அடுத்து எங்கள் வெப்மெயிலைத் திறந்தேன். 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள எல்லாக் கடிதங்களும் யாரோ ஒருவரின் முகவரிக்கு நகல் போகும்படி ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. எப்போது எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடவுச்சொல்லைத் திருடியவர் பொறுமையாக உட்கார்ந்து எங்கள் கடிதப் போக்குவரத்தைப் படித்திருக்கிறார்.

விதியை நீக்கினோம். கடவுச்சொற்களை மாற்றினோம், இரண்டடுக்கு உறுதிப்படுத்தலைப் போட்டோம். எங்கள் டொமைன் பெயரில் வேறு யாரும் கடிதம் அனுப்பினால் கண்டுபிடிக்க உதவும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் பதிவுகளைச் சரிசெய்தோம். இவையெல்லாம் முன்பே செய்திருக்க வேண்டியவை. ஆனாலும் ஜெர்மனிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இனி வங்கி விவரம் உள்ள எந்தக் கடிதமும் டிஜிட்டல் கையொப்பத்தோடு வர வேண்டும். அவர்கள் பயன்படுத்துவது அவுட்லுக் மின்னஞ்சல் செயலி. கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்காகத் தங்கள் கணினிகளில் எதையும் புதிதாக நிறுவமாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

இந்தக் கடைசி வரிதான் எங்கள் தேடல் முழுவதையும் தீர்மானித்தது. முதலாளியின் அனுமதியோடு, ஊரும் தொழிலும் தவிர வேறு அடையாளம் இல்லாமல், நடந்ததை இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் இதே நிலையில் இன்னும் பல அலுவலகங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆடிட்டரிடம் இருந்த கையொப்பம்

"நம்மிடம்தான் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதே தம்பி, எதற்குப் புதிது?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. ஏற்றுமதி செய்யும் பெரும்பாலோரிடம் டி.எஸ்.சி. டோக்கன், அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் உள்ள சிறு யூ.எஸ்.பி. கருவி, இருக்கும். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளம், வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககமான டி.ஜி.எஃப்.டி., வருமான வரி என்று எங்கு போனாலும் அது பயன்படும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, சான்றளிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற நிறுவனம் தரும் சான்றிதழ் அது. 2021 ஜனவரி முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழை நிறுத்திவிட்டு மூன்றாம் வகுப்பு மட்டுமே தருகிறார்கள். இந்தியச் சட்டத்தின் முன் கையால் போட்ட கையெழுத்துக்கு நிகரானது.

டோக்கன் எங்கே என்று கேட்டேன். ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறது என்றார். அங்கே போனேன். இருபது, முப்பது டோக்கன்கள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கம்பெனியின் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய சிறு காகிதம் ஒட்டியிருந்தது. அந்த அலுவலகத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாதம் தவறாமல் பத்து இடங்களில் கையொப்பமிட வேண்டியிருக்கும்போது வாடிக்கையாளர்களே டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. ஒரு மனிதனின் கையொப்பம் அவன் கையை விட்டுப் போய், வேறொருவர் மேசையில் பாஸ்வேர்டோடு கிடக்கிறது.

டோக்கனை வாங்கி வந்து சோதித்துப் பார்த்தோம். இரண்டு தடைகள். மின்னஞ்சல் செயலி, அனுப்புநர் முகவரியும் சான்றிதழுக்குள் எழுதியிருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும். எங்கள் டோக்கனில் விண்ணப்பம் நிரப்பியவரின் முகவரி இருந்ததே தவிர முதலாளியின் முகவரி இல்லை. அதைப் புதுப்பித்துச் சரிசெய்யலாம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாவது தடை பெரியது. ஒரு சான்றிதழை நம்பலாமா என்பதை, அதை வழங்கிய நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் தன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கணினி முடிவு செய்யும். இந்திய டி.எஸ்.சி.களின் மேலே இருக்கும் மூலச் சான்றிதழ் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியிலும் ஆப்பிள் கணினிகளிலும் முன்கூட்டியே நம்பப்படுவதில்லை. 2014 ஜூலையில், இந்திய அரசின் தேசியத் தகவல் மையத்திடம் இருந்த, பிற சான்றிதழ்களை வழங்கப் பயன்படும் இடைநிலைச் சான்றிதழைக் கொண்டு கூகுளின் டொமைன்களுக்கு அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டது வெளிவந்தது. அவற்றை ரத்து செய்தார்கள். அந்தச் சம்பவத்தின் நிழல் நெடுநாள் நீண்டது. உள்நாட்டில் சட்டத்தின் பலம் கொண்ட கையொப்பத்தை வெளிநாட்டிலிருப்பவரின் கணினி யாரென்று தெரியாது என்று சொல்லிவிடுகிறது.

எங்களுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. சட்டத்தின் முன் நிற்க வேண்டியதில்லை. இந்தக் கடிதம் இந்த முகவரிக்காரர் எழுதியது, வழியில் யாரும் திருத்தவில்லை என்பது அந்த அம்மையாரின் திரையில் தெரிந்தால் போதும். அதற்குத்தான் மின்னஞ்சலில் கையொப்பமிடும் எஸ்/மைம் முறை இருக்கிறது. 1990களின் நடுவில் பிறந்து, பிறகு இணையத் தரமாகி, 2019இல் நான்காம் பதிப்பு கண்ட முறை. அவுட்லுக், தண்டர்பேர்ட், ஆப்பிள் மெயில் மூன்றும் கூடுதல் நிறுவல் எதுவும் இல்லாமல் அதைப் புரிந்துகொள்கின்றன.

மின்னஞ்சலில் கையொப்பமிட உதவும் இன்னொரு முறையான பி.ஜி.பி.யையும் யோசித்தேன். காசில்லாதது, யாரிடமும் சான்றிதழ் கேட்கத் தேவையில்லாதது. நானே பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் அவுட்லுக்கில் அது தானாக வேலை செய்யாது. ஜெர்மனிக்காரர்களின் நிபந்தனை அங்கேயே அதை விலக்கிவிட்டது.

மூடிப்போன கதவுகள்

இலவச எஸ்/மைம் சான்றிதழைத் தேடுகிறவர்களுக்குப் பழைய குறிப்புகள்தான் முதலில் கிடைக்கும். அவற்றில் சொல்லப்படும் பெயர்கள் பெரும்பாலும் இன்று இல்லை. ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது வீண் வேலை அல்ல. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வரலாறுதான்.

தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த் 1995இல் தொடங்கிய தாட் என்ற சான்றளிப்பு நிறுவனம், தனிநபர்களுக்கு இலவச மின்னஞ்சல் சான்றிதழ் கொடுத்தது. அதில் உங்கள் பெயர் இருக்காது. 'தாட் ஃப்ரீமெயில் மெம்பர்' என்ற பொதுப்பெயர்தான் இருக்கும். பெயர் வேண்டுமென்றால், அடையாள ஆவணங்களோடு ஊரிலுள்ள தாட் நோட்டரிகளை, அதாவது அடையாளத்தைச் சரிபார்க்கும் பிற உறுப்பினர்களை, நேரில் சந்தித்து 50 புள்ளிகள் சேர்க்க வேண்டும். 100 புள்ளிகள் சேர்த்தால் நீங்களே நோட்டரியாகிவிடலாம். முன்பின் தெரியாதவர்கள் காபிக் கடையில் சந்தித்து ஒருவருக்கொருவர் பாஸ்போர்ட்டைக் காட்டிக்கொண்டு வளர்த்த நம்பிக்கை வலை அது. 1999 டிசம்பரில் வெரிசைன் என்ற அமெரிக்கச் சான்றளிப்பு நிறுவனம் சுமார் 575 மில்லியன் டாலருக்குத் தாட்டை வாங்குவதாக அறிவித்தது. இலவச சேவை அதன்பின் பத்தாண்டு ஓடி 2009 நவம்பர் 16 அன்று நிறுத்தப்பட்டது. பலரும் முகம் பார்த்துச் சேர்த்த புள்ளிகள் அந்த நாளோடு போயின. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதே எண்ணத்தில் ஆஸ்திரேலியாவில் பிறந்தது சிஏசெர்ட். இது நிறுவனத்தின் சொத்து அல்ல, உறுப்பினர்களின் சமூகம். இங்கும் நேரில் சந்தித்துப் புள்ளி கொடுக்கும் முறைதான். தங்கள் மூலச் சான்றிதழைப் பட்டியலில் சேர்க்கும்படி, ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசரைத் தயாரிக்கும் மோசில்லாவிடம் கேட்டிருந்தார்கள். தணிக்கையை முடிக்க முடியாமல் 2007இல் அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். விண்டோஸ், ஆப்பிள் பட்டியல்களிலும் அது இல்லை. நோக்கம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் பையரின் திரையில் அது எச்சரிக்கையாகத்தான் தெரியும்.

இஸ்ரேலின் ஸ்டார்ட்காம் என்ற சான்றளிப்பு நிறுவனத்தின் கதை வேறு மாதிரி. இணையதளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் இலவச முதல்நிலைச் சான்றிதழ் கொடுத்து நல்ல பெயர் எடுத்திருந்தது. சீனாவின் வோசைன் என்ற சான்றளிப்பு நிறுவனம் அதை வாங்கியதை வெளியில் சொல்லவில்லை. வோசைன் சில சான்றிதழ்களில் தேதியை முன்தேதியிட்டு வழங்கியதும் கண்டுபிடிக்கப்பட்டது. 2016 அக்டோபரில் மோசில்லா இரண்டு நிறுவனங்களின் புதிய சான்றிதழ்களையும் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. மற்றவர்களும் அதே வழியில் சென்றார்கள். 2018 தொடங்கியதும் ஸ்டார்ட்காம் சான்றிதழ் வழங்குவதையே நிறுத்திவிட்டது. கொமோடோ என்ற சான்றளிப்பு நிறுவனமும் நெடுங்காலம் ஓராண்டுக்கு இலவச மின்னஞ்சல் சான்றிதழ் தந்தது. 2018இல் செக்டிகோ என்று பெயர் மாறிய பிறகு அந்தக் கதவும் மூடியது.

லெட்ஸ் என்கிரிப்ட் இருக்கிறதே என்று பலரும் கேட்பார்கள். 2015இலிருந்து இணையதளங்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்கி உலகத்தையே மாற்றிய அமைப்பு அது. ஆனால் மின்னஞ்சலுக்குத் தருவதில்லை. இயந்திரமே கேட்டு இயந்திரமே வாங்கிக்கொள்ளும் முறையை மின்னஞ்சலுக்கு எப்படி நீட்டலாம் என்று 2021இல் ஆர்.எஃப்.சி. 8823 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விளக்கியது. லெட்ஸ் என்கிரிப்ட் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் தேடியபோது எஞ்சியிருந்தவை ஐரோப்பாவிலுள்ள சில சான்றளிப்பு நிறுவனங்கள். கட்டணச் சேவைக்கு வாடிக்கையாளரை ஈர்ப்பதற்காகச் சில மாதங்களுக்கோ ஓராண்டுக்கோ இலவசச் சான்றிதழ் தந்தார்கள்.

சாவி எங்கே பிறக்கிறது

எங்கள் தேர்வு திரும்பிய இடம் இதுதான். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டிஜிட்டல் கையொப்பம் இரட்டைச் சாவிகளால் நடப்பது. இரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறோம். அதன் இணையான பொதுச் சாவியால் யாரும் சரிபார்க்கலாம். சான்றளிப்பு நிறுவனத்தின் வேலை, இந்தப் பொதுச் சாவி இந்த மின்னஞ்சல் முகவரிக்காரருடையது என்று எழுதித் தருவது மட்டும்தான். இரகசியச் சாவி அவர்களுக்குத் தேவையே இல்லை.

முன்பெல்லாம் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்ததும் ப்ரவுசரே உங்கள் கணினிக்குள் சாவி இணையை உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் அனுப்பும். எந்த ப்ரவுசரில் விண்ணப்பித்தீர்களோ அதே ப்ரவுசரில்தான் சான்றிதழைப் பெற முடியும். இது தெரியாமல் அலுவலகத்தில் விண்ணப்பித்துவிட்டு வீட்டுக் கணினியில் திறந்து ஏமாந்தவர்கள் உண்டு. 'கீஜென்' என்ற அந்த வசதியைக் குரோம் 2017இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2019இலும் எடுத்துவிட்டன. அதன்பின் சிக்கலில்லாமல் சான்றிதழ் தருவதற்குச் சில நிறுவனங்கள் எளிய வழி ஒன்றைப் பிடித்தன. சாவி இணையைத் தங்கள் சர்வரிலேயே உருவாக்கி, சான்றிதழோடு சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டி, திறக்கும் கடவுச்சொல்லோடு அனுப்பிவிடுவார்கள்.

நாங்கள் முதலில் முயன்ற இலவச நிறுவனம் அப்படித்தான் செய்தது. ஐந்தே நிமிடத்தில் சாவியும் சான்றிதழும் அடங்கிய அந்தக் கோப்பு (பி12 கோப்பு என்பார்கள்) வந்துவிட்டது. அவுட்லுக்கில் ஏற்றினேன், எனக்கு நானே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினேன், கையொப்பம் இருப்பதைக் காட்டும் சிவப்பு ரிப்பன் படம் அழகாக வந்தது. முதலாளிக்கு மகிழ்ச்சி. நான் வேண்டாம் என்றேன்.

"அவ்வளவு பெரிய கம்பெனி, நம்முடைய சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறான்?" என்று அவர் கேட்டார். ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றுதான் நானும் நம்புகிறேன். கோப்பைக் கொடுத்ததும் தங்களிடமிருந்து அழித்துவிடுவதாகவும் சொல்கிறார்கள். ஆனால் பூட்டு வாங்கும்போது கடைக்காரர் ஒரு சாவியைத் தன் கல்லாவில் போட்டு எடுத்தார் என்றால், அவர் நல்லவரா கெட்டவரா என்பது அடுத்த கேள்வி. இந்தப் பூட்டை நான் ஒருவன்தான் திறக்க முடியும் என்று இனி என்னால் சொல்ல முடியாது என்பதே முதல் விஷயம். நாளைக்கே ஒரு தகராறு வந்து, இந்தக் கையொப்பத்தை உங்களைத் தவிர யாரும் போட்டிருக்க முடியாது அல்லவா என்று பையர் கேட்டால், நேர்மையாக ஆம் என்று சொல்ல வழியில்லை. ஆடிட்டர் மேசையில் பார்த்த பிளாஸ்டிக் பெட்டியை முதலாளிக்கு நினைவுபடுத்தினேன். அந்தப் பெட்டி கடல் கடந்து போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார்.

விதிகளும் இந்த இடத்தில் நமக்குத் துணை நிற்பதில்லை. இணையதளச் சான்றிதழ்களுக்குச் சாவியை நிறுவனமே உருவாக்கித் தரக் கூடாது என்று மோசில்லாவின் கொள்கை தெளிவாகத் தடுக்கிறது. மின்னஞ்சல் சான்றிதழுக்கு அந்தத் தடை இல்லை. எனவே கேட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொறுப்பு வாங்குகிறவருடையதே.

தேர்ந்தெடுத்தது

இரண்டாவது நிறுவனம், நாமே உருவாக்கிய விண்ணப்பக் கோப்பை ஏற்றுக்கொண்டது. முதலாளியின் கணினியிலேயே உட்கார்ந்து ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருள் கொண்டு 3072 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவி உருவாக்கினேன். பொதுச் சாவி அடங்கிய விண்ணப்பம் மட்டும் வெளியே போனது. முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் வந்தது, அதிலிருந்த எண்ணை இட்டோம், சான்றிதழ் வந்தது. ஓராண்டுச் செல்லுபடி.

வாங்குவதற்கு முன்பே அதன் மூலச் சான்றிதழ் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு மூலச் சான்றிதழ் பட்டியலில் இருந்தாலே போதாது. மோசில்லாவின் பட்டியலில் இணையதளத்துக்கு ஒரு நம்பிக்கைக் குறி, மின்னஞ்சலுக்கு வேறொரு நம்பிக்கைக் குறி. தண்டர்பேர்டின் சான்றிதழ் மேலாளரில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடி, நம்பிக்கையைத் திருத்தும் பெட்டியைத் திறந்தால், மின்னஞ்சல் பயனர்களை அடையாளம் காட்டலாம் என்ற இடத்தில் குறி இருக்கிறதா என்று தெரியும். இணையதளக் குறி மட்டும் இருந்தால் நமக்குப் பயனில்லை.

முதலாளிக்கு ஒரு ஏமாற்றம். சான்றிதழைத் திறந்து பார்த்தவர், "கம்பெனி பெயர் எங்கே?" என்றார். இல்லை. அவர் பெயரும் இல்லை. மின்னஞ்சல் முகவரி மட்டுமே இருந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, சான்றளிப்பு நிறுவனங்களும் ப்ரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த எஸ்/மைம் அடிப்படை விதிகள் இதைக் கறாராக்கிவிட்டன. அஞ்சல் பெட்டியை மட்டும் சரிபார்த்தால் முகவரியை மட்டுமே எழுதலாம். நிறுவனத்தின் பெயரோ நபரின் பெயரோ வேண்டுமானால் அதற்குரிய ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும். அது மனித உழைப்பு, எனவே கட்டணம். இலவசச் சான்றிதழ் சொல்வதெல்லாம், இந்த அஞ்சல் பெட்டியைத் திறக்க முடிந்த ஒருவரிடம் இந்தச் சாவி இருக்கிறது என்பதுதான்.

அதைக் கேட்டதும் எனக்கு அக்டோபர் நினைவு வந்தது. அப்போதும் எங்கள் அஞ்சல் பெட்டியைத் திறக்க முடிந்த ஒருவர் இருந்தாரே. அவர் நினைத்திருந்தால் எங்கள் முகவரிக்கே பத்து நிமிடத்தில் ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கலாம். போலி டொமைன் வைத்திருப்பவரும் தன் போலி முகவரிக்கு முறையாகவே ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அவருடைய கடிதத்திலும் ரிப்பன் வரும். இணையதளச் சான்றிதழ்களுக்கு இருப்பதுபோல யாருக்கு எது வழங்கப்பட்டது என்று எல்லோரும் தேடிப் பார்க்கும் கட்டாயப் பொதுப் பதிவேடு மின்னஞ்சல் சான்றிதழ்களுக்கு இல்லை.

ஆகவே ரிப்பனைப் பார்த்தால் போதும் என்று பையரிடம் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தோம். சான்றிதழுக்கு ஒரு கைரேகை உண்டு. சான்றிதழிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை அது. அதைக் காகிதத்தில் அச்சிட்டு, அந்த வாரம் கூரியரில் போன சாம்பிள் பெட்டிக்குள், டி-ஷர்ட்டுகளின் மேல் வைத்து அனுப்பினோம். மின்னஞ்சலைத் திருடுகிறவரால் தொட முடியாத வழி அது. அம்மையார் அதைத் தன் அவுட்லுக்கில் தெரிந்த கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார்.

டொமைன் சொந்தமாக இருப்பவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் இப்போது கிடைத்திருக்கிறது. எந்த நிறுவனம் மின்னஞ்சல் சான்றிதழ் வழங்கலாம் என்று டொமைனின் டி.என்.எஸ். பதிவில், அதாவது அந்தப் பெயருக்கான பொது இணையப் பதிவில், எழுதிவைக்கும் முறையை 2023 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 9495 வகுத்தது. 2025 மார்ச் 15 முதல் சான்றளிப்பு நிறுவனங்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வரிப் பதிவு. நாங்கள் எங்கள் நிறுவனத்தின் பெயரைத் தவிர மற்றவர்களுக்கு அனுமதியில்லை என்று எழுதிவிட்டோம். பொது மின்னஞ்சல் சேவையில் முகவரி வைத்திருப்பவர்களால் இதைச் செய்ய முடியாது. அந்த டொமைனின் பதிவுகள் அவர்கள் கையில் இல்லை.

சோதனையில் உடைந்தவை

ஜெர்மனிக்கு அனுப்பிய முதல் கையொப்பக் கடிதம் அங்கே செல்லாததாகக் காட்டியது. கடிதம் திருத்தப்பட்டிருக்கிறது என்றது அவுட்லுக். எனக்கு வியர்த்துவிட்டது. அரை நாள் தேடியபின் காரணம் கிடைத்தது. எங்கள் மின்னஞ்சல் சேவை, வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வைரஸ் சோதனை செய்யப்பட்டது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் கையொப்பமிட்ட பிறகு சேர்கிற வரி அது. கையொப்பம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. உண்மையிலேயே கடிதம் திருத்தப்பட்டிருந்தது. சேவையின் அமைப்பில் அந்த வரியை நிறுத்தச் சொன்னோம்.

கையொப்பம் எதையெல்லாம் காக்கிறது என்பதையும் அன்றுதான் முதலாளிக்கு விளக்கினேன். கடிதத்தின் உடலும் இணைத்த பி.டி.எஃப். கோப்புகளும் அதற்குள் வரும். பொருள் வரியும் தேதியும் வழக்கமாக வராது. எனவே இன்வாய்ஸ் எண்ணையும் தொகையையும் பொருள் வரியில் மட்டும் எழுதிவிட்டு விடக் கூடாது, கடிதத்துக்குள்ளும் எழுத வேண்டும் என்று வழக்கத்தை மாற்றினோம்.

இன்னொன்று நடந்தது, நான் எதிர்பார்க்காதது. கையொப்பமிட்ட கடிதத்தோடு நம் சான்றிதழும் போகிறது. அதைப் பெற்றவர் அதே சான்றிதழைக் கொண்டு நம் இரகசியச் சாவி இருந்தால் மட்டுமே படிக்கக்கூடிய, மறையாக்கம் செய்த கடிதத்தை நமக்கு எழுதலாம். பையரின் தரப்பில் ஒருவர் அப்படி எழுதினார். கணினியில் திறந்தது, முதலாளியின் ஐபோனில் திறக்கவில்லை. சாவி அங்கே இல்லையே. மறையாக்கம் வந்த பிறகு சாவியை இழப்பது கடிதங்களையே இழப்பதாகும். கையொப்பத்துக்கு மட்டும் என்றால் பழைய சாவி போனால் புதிது வாங்கலாம். இப்போது அப்படியில்லை. சான்றிதழ் காலாவதியானாலும் அந்த பி12 கோப்பைத் தூக்கிப் போடக் கூடாது. ஒரு பென்டிரைவில் எழுதி உறையில் இட்டு அலுவலகப் பெட்டகத்தில் வைத்தோம். கடவுச்சொல் பெட்டகத்தில் இல்லை.

ஐபோனிலும் சாவியை ஏற்ற முயன்றேன். கடவுச்சொல் தவறு என்றது. மூன்று முறை கவனமாக இட்டேன், மூன்று முறையும் தவறு. வேலைப் பளுவில் அதை அப்படியே விட்டுவிட்டு, போனிலிருந்து இன்வாய்ஸ் அனுப்ப வேண்டாம் அண்ணா என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

ஒன்பது மாதம் கழித்து

2024 ஜனவரியில் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. முதல் சில வாரங்கள் எல்லோரும் ரிப்பனைக் கவனித்தார்கள். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குள் ஒரு கவலை இருந்துகொண்டே இருந்தது. கையொப்பம் போலிக் கடிதத்தைத் தடுத்து நிறுத்தாது. போலிக் கடிதம் கையொப்பமில்லாமல் வரும், அவ்வளவுதான். இன்று கையொப்பம் இல்லையே என்று ஒரு மனிதர் கவனித்தால்தான் நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. தினமும் இருக்கிற ஒன்றைக் கண் பார்க்காமல் தாண்டிவிடும். அது ஒரு நாள் இல்லாமல் போவதை யார் கவனிப்பார்கள்?

அக்டோபரில், ஏறக்குறைய அந்தப் பழைய சம்பவம் நடந்த அதே நாட்களில், முதலாளி கோவை விமான நிலையத்தில் காத்திருந்தார். பையருக்கு அவசரமாக ஒரு திருத்திய ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் வேண்டியிருந்தது. கையிலிருந்த ஐபோனிலிருந்தே அனுப்பிவிட்டார். இருபது நிமிடத்தில் அலுவலகத்துத் தொலைபேசி ஒலித்தது. அதே அம்மையார். "இன்றைய கடிதத்தில் கையொப்பம் இல்லை. இது உங்களுடையதுதானா?" என்று கேட்டார். கணக்கர் இன்வாய்ஸை எடுத்து வரி வரியாகப் படித்துச் சரிபார்த்து ஆம் என்றார். ஆனாலும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கையொப்பத்தோடு மீண்டும் அனுப்புங்கள், அதன்பிறகுதான் பணம் அனுப்புவேன் என்றார்.

அந்தச் செய்தியை முதலாளி எனக்குச் சொன்னபோது, நான் வேறொரு அலுவலகத்தில் பிரின்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முகம் பார்த்தறியாத அந்த அம்மையாருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அன்று இரவே ஐபோன் விஷயத்தைத் தீர்த்தேன். கடவுச்சொல் எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல்லின் மூன்றாம் பதிப்பு பி12 கோப்பைப் புதிய மறையாக்க முறையில் கட்டுகிறது. அதைப் பிரிக்கத் தெரியாத போன், கடவுச்சொல் தவறு என்று சொல்லிவிடுகிறது. பழைய முறையில் கட்டும்படி ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி கோப்பை உருவாக்கினேன், உடனே ஏறிக்கொண்டது. மின்னஞ்சல் கணக்கின் அமைப்பில் கையொப்பமிடும் வசதியை இயக்கி, போனின் பூட்டு எண்ணையும் நான்கு இலக்கத்திலிருந்து நீளமானதாக மாற்றச் சொன்னேன்.

2025 ஜனவரியில் சான்றிதழைப் புதுப்பித்தோம். காலாவதிக்கு மூன்று வாரம் முன்பே புதிய சாவி, புதிய விண்ணப்பம். புதிய கைரேகையை, பழைய சாவியால் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தில் முதலில் சொன்னோம். பிறகு அச்சிட்ட தாளைச் சாம்பிள் பெட்டியில் வைத்தோம். அந்த முறை பெட்டிக்குள் குழந்தைகளுக்கான கோடைகால டி-ஷர்ட்டுகள் போயின.